யார் யாரோ கட்டிய பங்கு

ஃப்ரைபெர்க்,
அக்டோபர் 2000

அன்புள்ள கன்ஸோரிக்,

நானும் மிஷேலும் நலம். எர்தெனெத்தில் இந்நேரம் முதல் பனி விழுந்திருக்கும். குளிர்காலத்துக்குள் நல்லபடியாக நுழைந்தாயா? சுரங்கத்தில் இரவு முறை வண்டி ஓட்டினால் காதை மூடிக்கொண்டு ஓட்டு. உன் அண்ணன் வீட்டு மந்தை எப்படி இருக்கிறது? போன வருஷத்து ஸுத் பனி அவர்களுடைய ஆடுகளில் பாதியைக் கொண்டுபோனது. மிஞ்சியவையாவது இந்த முறை தப்பிக்க வேண்டும். பனி கல்லாக இறுகிப் புல்லை மூடிவிட்டால் அந்த வாயில்லா ஜீவன்கள் என்னதான் செய்யும்.

மிஷேலைப் பாலர் பள்ளியில் சேர்த்தாயிற்று. நம் மொழியில் இந்தப் பெயருக்குப் புன்னகை என்று பொருள் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. இவளுடைய வகுப்பிலேயே இன்னும் இரண்டு மிஷேல்கள், இரண்டும் பொன்முடி. ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றும் ஓடுகின்றனவாம். அதற்குள் ஜெர்மன் பேசுகிறாள். கடையில் நான் பேசினால் பாவாடையைப் பிடித்து இழுத்துத் திருத்துகிறாள். சாயங்காலம் இவர்கள் ரொட்டியைச் சூடில்லாமல் தின்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. விடுதிக்கு வரும் மேட்டில் பாதியில் உட்கார்ந்துகொண்டு தூக்கச் சொல்கிறாள். ஊர் மாறிய களைப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

உன் கடிதம் வந்தது. காப்பீட்டு விஷயத்தில் தாஷ்ஞாம் அண்ணன் சொல்கிறபடி செய், அவர் நம் நாட்டுக்காரர், இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறவர் என்று எழுதியிருக்கிறாய். என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் பெயரே பதியமாட்டார்கள். மொழி வகுப்பில் இருந்தவரை எனக்குத் தனியார் காப்பீடு மட்டும்தான் கிடைத்தது. அதைத் தாஷ்ஞாம் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். இப்போது முழு மாணவி ஆகிவிட்டதால் எனக்கு முன்னால் இரண்டு வாசல்கள். ஒன்று பொதுக் காப்பீடு. இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மாதாமாதம் பங்கு கட்டுவது அதற்குத்தான். இன்னொன்று தனியார். கட்டணம் பாதிகூட இல்லை. ஆனால் தனியார் பக்கம் போக வேண்டுமானால், எனக்குப் பொதுக் காப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். படிப்பு முடியும்வரை திரும்பி வர வழியில்லை.

தாஷ்ஞாம் அண்ணன் விடுதிச் சமையலறைக்கு வந்தார். அவரை உனக்குத் தெரியும். அவரிடம் இல்லாதவை இரண்டே: தலைமுடியும் மௌனமும். நான் பிசைந்து வைத்த மாவைப் பார்த்துவிட்டுத் தானே உட்கார்ந்து பூஸ் பிடிக்க ஆரம்பித்தார். கொழுக்கட்டைக்குள் கறியை வைத்து மூடிக்கொண்டே பேசினார். "தங்கச்சி, நீ என்ன கிழவியா? பல்லு இருக்கு, காலு இருக்கு, புள்ள குதிரக்குட்டி மாதிரி இருக்கு. ரெண்டு பங்கு காசக் கட்டி, யாரோ ஒரு ஜெர்மன் கிழவனுக்கு இடுப்பெலும்பு மாத்தப் போறியா?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்து அறை க்ளாரிஸும் தனியார்தான். கேமரூன்காரி, உலோகவியல் படிக்கிறாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "போன மாசம் பல்லு வலின்னு போனேன். தனியார்னு சொன்னதும் நேரா உள்ள கூப்பிட்டுட்டாங்க. பொதுக்காரங்க எல்லாம் வெளிய பழைய பத்திரிகையப் புரட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு மிஷேலின் தலையை வருடியபடி, "ஆனா எனக்குப் புள்ள இல்ல, சொலொங்கோ. அத மட்டும் யோசிச்சுக்க" என்றாள்.

தாஷ்ஞாம் அண்ணன் கொண்டுவந்த விண்ணப்பத்தில் எனக்கும் மிஷேலுக்கும் தனித்தனியாகக் கேள்விகள் இருந்தன. இந்த நோய் உண்டா, அந்த நோய் உண்டா, மருத்துவமனையில் இருந்ததுண்டா. "எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. இந்தத் தாளுல இருக்கற மாதிரி ஆரோக்கியமான ஜனங்கள நீ உலகத்துல எங்கயும் பாக்க முடியாது" என்றார். எனக்கு வரிசையாகப் போட்டேன். மிஷேலுக்குப் போடும்போது ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. குழந்தைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா? 'ஆம்' என்று எழுதவும் காரணமில்லை, 'இல்லை' என்று எழுதவும் கை வரவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பொதுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். சும்மா விசாரித்துவிட்டு வரத்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் லேனிக் என்கிற அம்மாள் இருந்தார். என் பெயர், பிறந்த தேதி, பல்கலைக்கழகத் தாள். அடுத்து, "புள்ளைங்க உண்டா?" என்றார். ஒரு மகள் என்றேன். "அவ பேரையும் சொல்லு. அவளுக்குத் தனியா எதுவும் கட்ட வேண்டாம்." புருஷன் எங்கே என்று கேட்டார். மங்கோலியாவில் என்றேன். "அவர் இங்க வந்து தங்கினார்னா சொல்லு, சேத்துக்கலாம்." இதைச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். நான் அந்தக் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே, என் மகளுக்கு நோய் ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கவில்லையே என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அத நான் கேக்கக் கூடாதும்மா" என்றார்.

இருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "இருந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. அதுக்குத்தானே இது இருக்கு."

கன்ஸோரிக், சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பான். இங்கே ஒரு நாடு, எங்கிருந்தோ வந்த என் பிள்ளையின் பல்லைக்கூடப் பார்க்காமல் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. இது முட்டாள்தனமா பெருந்தன்மையா என்று எனக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ கோபப்படுவாய். உன்னை இங்கே வரவழைக்கச் சேர்க்கும் பணத்திலிருந்துதான் இது போகும் என்று தெரியும். அதனால் அடுமனையில் காலை வேலை பிடித்திருக்கிறேன். நான் திரும்பும்வரை க்ளாரிஸ் மிஷேலைப் பார்த்துக்கொள்கிறாள். நீ சம்மதித்ததாக ஒரு வரி எழுது. உண்மையில் சம்மதம் இல்லாவிட்டாலும் எழுது.

உன் நெற்றிக்கு என் முத்தம். அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம்.

உன்
சொலொங்கோ


ஃப்ரைபெர்க்,
பிப்ரவரி 2001

அன்புள்ள கன்ஸோரிக்,

வெள்ளை மாதம் பிறக்கப் போகிறது. புத்தாண்டுக்குப் பெரியவர்களை வணங்க அண்ணன் வீட்டுக்குப் போவாய். எனக்கும் மிஷேலுக்கும் சேர்த்து நீயே வணங்கிவிடு.

தொலைபேசியில் நீ கத்தினாய், நான் அழுதேன், அட்டையில் காசு தீர்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கத்தவும் முடியாது, அழவும் முடியாது.

நடந்தது இதுதான். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே டாக்டரிடம் ஒரு வழக்கமான பரிசோதனை உண்டு. காசு கிடையாது, கூட்டிப்போய் வாருங்கள் என்று பாலர் பள்ளி ஆசிரியை சொன்னார். நோய் என்று எதுவும் இல்லாமல் டாக்டரிடம் போவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காசு கட்ட வேண்டியிருந்தால் போயிருக்கவே மாட்டேன். டாக்டர் உயரம் பார்த்தார், எடை பார்த்தார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். இவளும் கொக்கு மாதிரி நின்று காட்டினாள். அப்புறம் குழாயை மார்பில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. இடம் மாற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து அவளுடைய நெஞ்சில் வைத்து, "இது உனக்குத் தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. நான்கு வருஷமாகத் தெரியும். நீ அவளை மார்பில் போட்டுத் தூங்கவைக்கும்போது, இவளுக்குள்ளே ஒரு பூனை இருக்கிறது, உறுமிக்கொண்டே தூங்குகிறது என்று சிரிப்பாயே, அதுதான். எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் என்று நாம் இருந்துவிட்டோம். நமக்கு வேறு குழந்தை ஏது, வைத்துப் பார்க்க.

லைப்ஸிக்கில் இருக்கும் இதய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு திரையில் என் மகளின் இதயத்தை எனக்குக் காட்டினார்கள். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஒரு துளை. அதன் வழியாக ரத்தம் தவறான பக்கம் பாய்கிறது, அதனால் இதயம் ஒரு நாளைக்கு இரண்டு நாள் வேலை செய்கிறது என்றார்கள். மேட்டில் உட்கார்ந்துவிடுவது சோம்பலால் இல்லை. இப்படியே விட்டால் நுரையீரல் கெடும், இந்த வசந்தத்திலேயே மூடிவிடலாம் என்கிறார்கள்.

நீ கேட்டாய்: "இங்க நல்லா இருந்த புள்ளைய அங்க கூட்டிட்டுப் போயி நோயாளியாக்கிட்டியே." கன்ஸோரிக், அந்தத் துளை அவள் என் வயிற்றில் இருக்கும்போதே இருந்தது. இங்கே வந்து உண்டானது இல்லை. இங்கே வந்து கேட்டது, அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு திரும்பி வா என்றாய். வருகிறேன். வந்து யாரிடம் காட்டுவது, எப்போது நடக்கும், எதைக் கொண்டு செய்வது? உனக்குத் தெரிந்தால் எழுது, அடுத்த விமானத்தில் வருகிறேன்.

என் பயம் வேறாக இருந்தது. வந்து நாலைந்து மாதம்தான் பணம் கட்டியிருக்கிறாள், அதற்குள் இவ்வளவு பெரிய நோயைக் கொண்டுவந்து நிற்கிறாளே என்று துரத்திவிடுவார்கள் என நினைத்தேன். கடிதப் பெட்டியைத் திறக்காமலே கடந்து போனேன். பொறுக்கமாட்டாமல் லேனிக் அம்மாளிடமே போய்ச் சொன்னேன். எங்களுக்கு இது முன்னால் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். "தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணுதான். ஆபரேஷன் தேதிய டாக்டர்தான் சொல்லணும், என்கிட்ட கேக்க வேண்டியது எதுவும் இல்ல. போ, புள்ளயப் பாத்துக்க" என்றார். வாசல்வரை வந்து, அவசரத்தில் நான் விட்டுவிட்டுப் போன கையுறையைக் கொடுத்தார்.

இந்த நாடு உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பெற்றவர்கள் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அறுவை செய்வார்களாம். என் கையெழுத்து மட்டும் போதாது. அதற்கான தாளை மங்கோலிய மொழியில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச்சில் ஊருக்கு வரும் தாஷ்ஞாம் அண்ணன் உன்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வருவார்.

அவளுடைய நெஞ்சைத் திறப்பார்கள். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. படித்துவிட்டுப் போடு. நீ சம்மதிக்காவிட்டால் அதையும் எழுது, ஆனால் மௌனமாக இருந்துவிடாதே. உன் மௌனத்தை எந்த மொழிபெயர்ப்பாளரிடமும் நான் கொண்டுபோக முடியாது.

மிஷேல் உனக்கு ஒரு குதிரை வரைந்திருக்கிறாள். ஐந்து கால் இருக்கிறது. ஐந்தாவது எதற்கு என்றேன். வேகமாக ஓட என்றாள்.

உன்
சொலொங்கோ


லைப்ஸிக்,
மே 2001

என் கன்ஸோரிக்,

அவள் தூங்குகிறாள். ஜன்னலுக்கு வெளியே கஷ்கொட்டை மரம் முழுக்கப் பூ. அறுவை முடிந்ததும் தொலைபேசியில் சொன்னேன், நல்லபடியாக முடிந்தது என்று. அதற்கு மேல் உன்னிடமிருந்து மூச்சு மட்டும் கேட்டது. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் பார்த்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனாலும் இது எனக்கு நடந்ததுபோல் யாருக்கும் நடக்கவில்லை என்றே தோன்றுகிறது.

உன் தாள் வந்தது. கையெழுத்து மட்டும்தான் இருந்தது, ஒரு வரிகூட இல்லை. ஆனால் பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறாய், தாளின் பின்பக்கம் தடவினால் உன் பெயர் விரலில் படுகிறது. மருத்துவமனையில் அதை வாங்கிக்கொள்ளும்போது நகல் எடுத்துக்கொண்டு அசலைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன்.

காலையில் அவளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுக்கும் அறை வாசல்வரை நானும் போகலாம் என்றார்கள். அவளுக்கு முன்பே ஏதோ குடிக்கக் கொடுத்திருந்ததால் அரைத் தூக்கத்தில் இருந்தாள். நர்சைப் பார்த்து, "எங்கப்பா பெரிய லாரி ஓட்டறாரு. வீட்ட விடப் பெரிசு" என்றாள். நர்ஸ் மெதுவாக, "அப்போ அவருக்கு வழி விட்டுத்தான் போகணும்" என்றாள். அந்தக் கதவு இரண்டு பக்கமும் விலகியது, அவளை எடுத்துக்கொண்டது, மூடியது.

க்ளாரிஸ் தேர்வை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய ஊர் ஜெபத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டு, "எங்க சாமிக்கு மங்கோலிய பாஷை தெரியுமான்னு தெரியல. பேர மட்டும் சரியாச் சொல்லிட்டேன்" என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது.

மதியத்துக்கு மேல் அறுவை செய்த மருத்துவர் வெளியே வந்தார். உயரமானவர், களைத்திருந்தார். முகமூடியின் நாடா கன்னத்தில் பதிந்திருந்தது. எங்கள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துளையை மூடிவிட்டோம், அவளுடைய இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துத் தைத்தோம், போகப் போக அது சுவரோடு சுவராகிவிடும் என்றார். துளையைத் தைக்கும்வரை இதயத்தை நிறுத்தி வைத்திருந்ததாகவும் அந்த நேரம் முழுக்க ஒரு எந்திரம் அதன் வேலையைச் செய்ததாகவும் சொன்னார்.

நிறுத்தியா, என்றேன்.

"ஆமா."

என் மகளின் இதயம் நின்றிருந்தது. நான் இங்கே காகிதக் கோப்பையில் காப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நீ அங்கே உன் பெரிய வண்டியில் செம்புக்கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அது நின்றிருந்தது. ஆனால் மிஷேல் இருந்தாள். கன்ஸோரிக், நெஞ்சு நின்றால் மனிதன் போய்விட்டான் என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள்? யாருடைய கையில் இருந்தாள்?

பிறகு எப்படித் திரும்ப ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். மருத்துவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நாங்க ஆரம்பிக்கல. ரத்தத்தத் திரும்ப உள்ள விட்டோம், இளஞ்சூடா. கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாத்தோம். அதுவே ஆரம்பிச்சிடுச்சு" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தபடி, "எத்தனையோ தடவ பாத்திருக்கேன். இப்பவும் அந்த நேரத்துல அறையில யாரும் பேசறதில்ல" என்றார்.

தீவிர சிகிச்சை அறையில் அவளைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. குழாய்களுக்கு நடுவில் அவ்வளவு சின்னதாக இருந்தாள். அப்புறம் கால் விரல்களைப் பார்த்தேன். அவளுடைய நகங்கள் எப்போதும் லேசாக வெளிறியிருக்கும், தெரியுமே. ரோஜா நிறத்தில் இருந்தன. என் மகளின் உண்மையான நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது உன் பழைய கேள்விக்கு வருகிறேன். அறுவைக்கு முன்னால் பேசியபோது நீ கேட்டாய்: "இதையெல்லாம் யாரு குடுக்கறாங்க? நாம யாரு அவங்களுக்கு?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. போன வாரம் உடைகள் எடுக்க ஃப்ரைபெர்க் போனபோது லேனிக் அம்மாளுக்கு நன்றி சொல்ல ஒரு பூச்செண்டு வாங்கிக்கொண்டு போனேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "எனக்கு எதுக்கு நன்றி? இது எங்க அப்பன் வீட்டுக் காசு இல்ல" என்றார். அப்படியானால் யாருக்குச் சொல்வது என்றேன். ஜன்னலைக் காட்டினார். வெளியே தெரு இருந்தது. "அவங்க எல்லாருக்கும். ஒவ்வொருத்தரும் சம்பளத்துல ஒரு பங்கு போடறாங்க. நானும் போடறேன். நீயும்தான் போடற."

நானா?

"மாசாமாசம் கட்டறியே. அது எங்க போகுதுன்னு நெனச்ச?"

யோசித்துப் பார்த்தேன். அடுமனையில் மாவு மூட்டை தூக்கி, முணுமுணுத்துக்கொண்டே கட்டினேனே, அது எங்கோ போயிருக்கிறது. தாஷ்ஞாம் அண்ணன் சொன்ன அந்த ஜெர்மன் கிழவருக்கு ஒருவேளை உண்மையாகவே ஒரு இடுப்பெலும்பு கிடைத்திருக்கும். என் பங்கு அதில் ஒரு திருகாணியாவது இருக்கும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் இப்போது எங்கேயோ நடந்துகொண்டிருப்பார்.

அன்றைக்கு அந்தத் தெருவில் என்னால் வேகமாக நடக்க முடியவில்லை. எதிரில் வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். பேருந்து ஓட்டுநர், கூரைமேல் ஓடு மாற்றுகிறவன், என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காய்கறிக் கடைக்காரி. அவளும்தான், கன்ஸோரிக். என்னைப் பிடிக்காத அவளும் என் மகளுடைய நெஞ்சில் ஒரு தையல் போட்டிருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. நான் போய் முள்ளங்கி வாங்கினேன். வேண்டியதைவிட அதிகமாக வாங்கினேன்.

உனக்கு ஒரு வழியில் சொன்னால் புரியும். ஸுத் முடிந்த வசந்தத்தில் உன் அண்ணன் கூடாரத்துக்கு ஆளாளுக்கு ஒரு ஆடு கொண்டுவந்து விட்டார்கள் அல்லவா. யாரும் கணக்குச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த பனி யார் மேல் இறுகும் என்று யாருக்குத் தெரியும். அதேதான் இது. ஆனால் அங்கே கொண்டுவந்தவர்களுக்கு அண்ணன் பெயர் தெரியும், அவர் அப்பா பெயர் தெரியும். இங்கே பெயரே தெரியாமல், முகமே பார்க்காமல், கோடிக்கணக்கான பேர் ஆளுக்கொரு ஆட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மலையைப் பார்த்துச் சிலிர்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தை நினைத்துச் சிலிர்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

எனக்கு இதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. ஒரு கேள்வியில் பேனா நின்றது, அவ்வளவுதான். நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தால் எழுந்துபோய் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு வருகிறேன். தாஷ்ஞாம் அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை, நீயும் படாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாத்திரம் நிறையப் பூஸ் கொண்டுவந்தார். பிறவியிலேயே இருக்கிற நோய்க்கு அவர் சொன்ன காப்பீடு எதுவும் தந்திருக்காது என்று அவரே சொன்னார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "நல்லவேள, என் பேச்ச எங்க வீட்டுலயும் யாரும் கேக்கறதில்ல" என்றார். மிஷேல் சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று அவரைத் திட்டினாள். மூன்று பூஸ் தின்றாள்.

க்ளாரிஸ் அவளுடைய தனியாரிலேயே இருக்கிறாள். அவளுக்கு அது போதும் என்கிறாள், போதுமாகவே இருக்கட்டும்.

நேற்றுக் காலை மருத்துவமனைத் தோட்டத்தில் பாலும் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு நின்றேன். நம் வழக்கப்படி வானத்துக்கும் திசைகளுக்கும் தெளித்தேன். யாரை நினைத்துத் தெளிப்பது என்று தெரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோர் பெயரும் எனக்கு எப்படித் தெரியும். அதனால் தெருவைப் பார்த்துத் தெளித்தேன். சைக்கிளில் போன ஒரு பெரியவர் மேல் ஒரு துளி விழுந்துவிட்டது. அவர் துடைத்துக்கொண்டு, மழையா என்று மேலே பார்த்தார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. நீ போனில் கத்தியதையும் நான் பதிலுக்கு எழுதியதையும் இரண்டு பேரும் மறந்துவிடுவோம் என்று நான் சொல்லப் போவதில்லை. மறக்காது. அது கிடக்கட்டும். இந்த ஊரே சேர்ந்து நம் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தது. எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். ஆனால் அந்த மூடிய கதவுக்கு வெளியே, என் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. க்ளாரிஸ் அதில் உட்கார வந்தாள். என் கை என்னையறியாமல் அதன்மேல் போய் விழுந்தது. அவள் அதைத் தாண்டி அடுத்ததில் போய் உட்கார்ந்தாள். மருத்துவர் வரும்வரை அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. எந்த நாட்டுக் காப்பீடும் அந்த இடத்துக்கு ஆள் அனுப்பாது.

விடுமுறை எடுத்துக்கொண்டு வா. பணம் சேரவில்லை என்றால் கடன் வாங்கி வா. கோபம் தீரவில்லை என்றால் கோபத்தோடேயே வா.

உன் பாதை பால்போல் வெளுத்திருக்கட்டும். வழியெல்லாம் நல்ல மனிதர்கள் எதிர்ப்படட்டும்.

உனக்காகப் பக்கத்தில் இடம் வைத்திருக்கும்
சொலொங்கோ